எலேனியின் நாள்

சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தபோது ஹெலன் ஒரு கல்வெட்டுப் படத்தின் ஐந்தாவது எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மினசோட்டாவிலிருந்து ஏதென்சுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பழைய கல்லறைக் கற்களில் பெண்களின் பெயர்களைத் தேடிப் படிப்பதுதான் அவளுடைய ஆய்வு. திங்கட்கிழமை ஓர் அத்தியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். இந்த நேரத்தில் யாரடா என்ற எரிச்சலோடு, சங்கிலியை எடுக்காமலே கதவைக் கொஞ்சம் திறந்தாள்.

எதிர்வீட்டு ஸ்டெலியோஸ் நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர். படியில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான் பழக்கம். இன்று இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ரிப்பன் கட்டிய இனிப்புப் பெட்டியுமாக வந்திருந்தார்.

“பல்லாண்டு வாழணும், எலேனி,” என்றார். ஹெலன் என்ற பெயர் இந்த ஊரில் யார் வாயிலும் எலேனி ஆகிவிடும். மணிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் எழுதி ஒட்டியதும் அதுதான்.

“எனக்கு இன்னிக்குப் பொறந்தநாள் இல்லீங்களே. நவம்பர் ஒம்பதாம் தேதிதான். வேற யாரையோ நெனச்சு வந்துட்டீங்க போல.”

படித்த பெண்ணல்லவா, தேதியைப் பிசகில்லாமல் சொன்னாள். அவர் ஒரு நிமிடம் பெட்டியையே பார்த்தார்.

“அப்படியாம்மா? சரி, நீ வேலையப் பாரு.”

எதிர்க்கதவு மூடி, பூட்டு இரண்டு சுற்றுத் திரும்பும் சத்தம் கேட்டது. அந்தக் கட்டடத்துப் பூட்டுகள் எல்லாமே இரண்டு சுற்று.

அதற்குப் பிறகு ஐந்தாவது எழுத்து நகரவே இல்லை. ஆளைப் பார்த்தால் தடுமாறுகிறவராகத் தெரியவில்லை, பிறகு ஏன் வந்தார் என்று மனம் குடைந்தது. மதியம் ரொட்டி வாங்க இறங்கினால், மருந்துக்கடைக்காரர் வாசலுக்கே வந்து அதே பல்லாண்டைச் சொன்னார். ஊரே கூடிப் பேசித் தன் பிறந்தநாளை மாற்றிவிட்டதா என்ன? ரொட்டிக்கடை வூலாவிடம் கேட்டேவிட்டாள்.

“பொறந்தநாளை யாரு கேட்டா!” வூலா கையைத் தட்டிச் சிரித்தாள். “மே இருபத்தொண்ணு, புனித எலேனியோட நாளு. ஊர்ல இருக்கிற எலேனிக்கெல்லாம் விசேஷம். வர்றவங்களுக்கு நீதான் இனிப்பு குடுக்கணும். எட்டு மாசமா என்னத்தப் படிச்ச?”

ஹெலனின் முகம் சுண்டிப்போயிற்று. “எதிர்வீட்டுக்காரர் வந்தாரு. தப்பா வந்துட்டீங்கன்னு அனுப்பிட்டேன்.”

வூலாவின் சிரிப்பு நின்றது. “ஸ்டெலியோஸா? மூணு வருஷமா இந்த நாள்ல அவர் வெளியவே வர்றதில்லயே.”

“போய்க் கூப்பிடட்டா?”

வூலா மோவாயைத் தூக்கி ‘ச்சு’ என்றாள். “இதுக்குக் கூப்பிடக் கூடாது, பொண்ணே. கதவத் தொறந்து வை. வர மனசிருந்தா வருவாங்க.”

பன்னிரண்டு பாதாம் இனிப்புகளோடு படியேறியவள், எதிர்க்கதவின் பித்தளைத் தகட்டை அன்றுதான் முதல்முறையாகப் படித்தாள். மேல் வரியில் ஸ்டெலியோஸ், கீழ் வரியில் எலேனி. மேல் வரி கறுத்துக் கிடந்தது. கீழ் வரி மட்டும் துடைத்துத் துடைத்து, எழுத்து மழுங்கும் அளவுக்குப் பளபளத்தது. இந்த எட்டு மாதத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து ஹெலன் பார்த்ததில்லை.

இரண்டாயிரம் வருடத்துக்கு முன் செத்துப்போனவர்களின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறவள், நாலடி தள்ளியிருந்த பெயரைப் படிக்கவில்லை. மூன்று வருடமாக யாரிடமும் சொல்ல முடியாத வாழ்த்தைச் சொல்லத்தான் அந்த மனிதர் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருக்கிறார். சங்கிலிக்குப் பின்னால் நின்றுகொண்டு அவரிடம் நவம்பர் ஒன்பது என்றிருக்கிறாள். வெட்கத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்லறைப் படங்களை மேசையிலிருந்து வாரிக் கட்டிலில் போட்டாள். தட்டில் இனிப்பை அடுக்கி, இரண்டு கோப்பைகளைக் கழுவி வைத்தாள். கதவு காற்றுக்குச் சாத்திக்கொண்டே இருந்தது. பழைய கிரேக்க அகராதியைத் தரையில் வைத்து முட்டுக்கொடுத்தாள். இத்தனை நாளில் அந்த அகராதி உருப்படியாகச் செய்த முதல் வேலை அது.

நான்கு மணி, ஐந்து மணி. வேறு எலேனிகளைப் பார்க்கப் பூந்தொட்டியோடு போகிறவர்களை ஏற்றிக்கொண்டு லிஃப்ட் அவள் மாடியைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. இரண்டு முறை எதிர்க்கதவைத் தட்ட எழுந்தாள். வூலாவின் ‘ச்சு’ ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு மணிக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் செருப்பு உரசியது. பூட்டு ஒரு சுற்றுத் திரும்பி நின்றது. ஹெலன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, அடுத்த சுற்றுக்காகக் காத்து நின்றாள்.