முகம் திரும்பாத மழைக்காரி

நிக்கானோரை எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டு முற்றத்தில் கூடுகிற பாட்டுப் பைத்தியங்களுக்கு மரவள்ளிக்கிழங்கு வறுவலும் ரம்மும் குறைவில்லாமல் கிடைக்கும். கேட்டால் போட்டிருக்கிற சட்டையைக் கழற்றிக் கொடுப்பான். ஒரு பாட்டின் பெயரைக் கேட்டால் மட்டும் வாயில் பூட்டு விழுந்துவிடும்.

பர்ராங்கில்யா நகரத்தில் பீக்கோ வைத்திருக்கிற எல்லாருமே அப்படித்தான். பீக்கோவைச் சாதாரண ஸ்பீக்கர் பெட்டி என்று நினைத்தால் பெட்டிக்காரன் அடிக்க வருவான். அலமாரி உயரம், முன்பக்கத் துணி முழுக்கக் கண்ணைப் பறிக்கிற ஓவியம், தெருக்கோடி வரை நெஞ்சு அதிரும் சத்தம். கார்னிவல் திருவிழா நாட்களில் எவன் பெட்டியில் வேறெங்கும் கேட்காத பாட்டு ஒலிக்கிறதோ, அவன் பக்கம்தான் கூட்டம் சாயும். அதனால் புது இசைத்தட்டு கைக்கு வந்ததும் முதல் வேலை, நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளை பிளேடால் சுரண்டி எடுப்பதுதான். பாடியவர் பெயரும் போச்சு, பாட்டின் பெயரும் போச்சு. அப்புறம் எதிராளி தலைகீழாக நின்றாலும் அதே தட்டைத் தேடி வாங்க முடியாது. பெயர் தொலைந்த பாட்டுக்குத் தெருவே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும்.

நிக்கானோரிடம் இருந்த ஒரு பாட்டுக்குத் தெரு வைத்த பெயர் மழைக்காரி. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஒரு கப்பல்காரன் கொண்டுவந்த தட்டு. ஒரு பெண் குரல், அதன் பின்னாலேயே ஓடிவரும் ஒரு கிட்டார். என்ன மொழியென்று ஒருவருக்கும் தெரியாது. அதை முதலில் போட்ட மதியம் மழை கொட்டியது, தெருவே நனைந்துகொண்டு ஆடியது. மறுநாள் நிக்கானோர் லேபிளை ஒரே ஒரு தரம் படித்தான், சுரண்டினான், உறையை அடுப்பில் போட்டான். அதற்குப் பிறகு அந்தப் பெயர் அவன் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததுகூட இல்லை, சுவருக்கும் காது உண்டே.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் எலிசேயோ. நிக்கானோரின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பன் ஆனவன். அந்த உறவுக்கு இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். பீக்கோக்களுக்கு ஓவியம் தீட்டுவதுதான் எலிசேயோவின் தொழில். பாட்டு ஓடாவிட்டால் அவனுக்குத் தூரிகை ஓடாது. பெட்டிக்குள் தட்டு சுழல, அதிர்கிற துணியின் மேலேயே வரைவான்.

"மழைக்காரி பாட்டுல வர்ற கிட்டாருக்கு மஞ்சள் அடிச்சிருக்கலாமே" என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாரோ ஒருவன் சொல்லிவிட்டான்.

"மஞ்சளா? நல்லாக் கேளுய்யா. மாம்பழம் பழுத்து ஒரு பக்கம் கறுக்க ஆரம்பிக்குமே, அந்த இடத்து நிறம் அது. காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?" என்று எலிசேயோ பாய்ந்தான்.

நிக்கானோரின் பெட்டியில் அவன் வரைந்தது மழைக்காரியைத்தான். பச்சை மழை, அதில் நடந்து போகும் ஒரு பெண். ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு போவாள்.

"ஏன்டா இப்படிப் போறா? கோவமா?" என்று நிக்கானோர் கேட்டான்.

"யாருன்னே தெரியாதவளுக்கு மூஞ்சி எப்படிடா வரையறது? நீ பேரைச் சொல்லு, திரும்புவா."

முதலில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. எலிசேயோ குடித்தால் கேட்பான், குடிக்காவிட்டாலும் கேட்பான். நிக்கானோர் வாயில் பூட்டுப் போடுவதுபோல் விரலைத் திருகிக் காட்டுவான், எல்லாரும் சிரிப்பார்கள். எலிசேயோவிடம் இருந்த தட்டுகளில் ஒன்றுகூடச் சுரண்டியதில்லை. உறையோடு கொண்டுவந்து, "பாரு, படி, தடவிப் பாரு" என்று கைக்குக் கை கொடுப்பான். அப்படிப்பட்டவனிடம் ஏன் மறைக்க வேண்டும்? காரணம் ஒன்றுதான். எலிசேயோ பொலிதோரோவின் பீக்கோவுக்கும் ஓவியம் தீட்டினான். பொலிதோரோ நான்கு தெரு தள்ளி இருக்கிற போட்டிக்காரன். நண்பன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, என்று நிக்கானோர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். கேட்பவர் யாரும் இல்லாதபோது எவ்வளவு சமாதானம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

கார்னிவலுக்கு முந்தின வாரம் எலிசேயோ ஒரு சேதியோடு வந்தான். பக்கத்து நாட்டில், காரகாஸில் இருக்கிற மகன் வரச்சொல்லிவிட்டான். வீட்டையும் விற்றாயிற்று. இனித் திரும்பி வருவதாக இல்லை.

"கொம்பாத்ரே, இப்ப விளையாட்டுக்குக் கேக்கல" என்றான். "காரகாஸ்ல பெரிய பெரிய தட்டுக் கடையெல்லாம் இருக்காம். பேரு மட்டும் தெரிஞ்சா அவளோட வேற தட்டு கிடைக்கும், உறையில போட்டோ இருக்கும். அவ மூஞ்சியப் பாக்கணும்டா. பதினாலு வருஷமா முதுகையே பாத்துட்டிருக்கேன்."

"கார்னிவல் முடியட்டும். பொலிதோரோ இந்த வருஷம் சவால் விட்டிருக்கான். முடிஞ்சதும் சொல்றேன்."

எலிசேயோ தலையாட்டிவிட்டுப் போனான். அடுக்களையிலிருந்து நிக்கானோரின் மனைவி நெரெய்தா வெளியே வந்தாள்.

"வைக்கோப்போர்ல படுத்த நாய் கெட்டுச்சு போ. அந்த மனுஷன் நம்ம பொண்ணத் தூக்கித் தலைக்குத் தண்ணி ஊத்தக் காட்டினவரு. ஒரு பேரச் சொன்னா உன் வாயில இருக்கற பல்லு கொட்டிடுமா?"

"சொல்லத்தான் போறேன்டி."

சொல்லத்தான் நினைத்தான், பாவம், அதில் பொய் இல்லை. கார்னிவலில் மழைக்காரியைப் போட்டதும் பொலிதோரோவின் தெருவிலிருந்த கூட்டமும் இங்கே வந்து சேர்ந்தது. ஜெயித்த களிப்பில் நிக்கானோருக்கு ஒரு ஆசை வந்தது. அன்றைக்கே சொல்லாமல், பஸ் ஏறும்போது நண்பனின் காதோடு சொல்ல வேண்டும், அவன் வாயடைத்து நிற்பதைப் பார்க்க வேண்டும். தருவதையும் ஜோடித்துத் தரவேண்டும் என்கிற வீம்பு.

வெள்ளிக்கிழமை மதியம் பஸ் நிலையத்தில் எலிசேயோ ஒரு பெட்டியும் துணியில் சுற்றிய தூரிகைக் கட்டுமாக நின்றான். இருவரும் கட்டிக்கொண்டார்கள். நிக்கானோர் அவன் காதருகே குனிந்து வாயைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை.

'ம' என்று தொடங்கும் என்று தோன்றியது. இல்லை, 'ப'வோ. சட்டைப்பையில் இருக்கிறது என்று இத்தனை வருஷம் தடவிக்கூடப் பார்க்காத சாவி, கைவிட்டால் பையில் ஓட்டை.

"சொல்லுடா" என்றான் எலிசேயோ, கண்ணை மூடிக்கொண்டு.

"கொம்பாத்ரே... மறந்துபோச்சுடா."

எலிசேயோ முதலில் சிரித்தான். "ஏன், பொலிதோரோ எங்கயாச்சும் தூணுக்குப் பின்னால நிக்கறானா?"

"இல்லடா. நெசமாவே மறந்துபோச்சு."

சிரிப்பு மெல்லப் போய்விட்டது. "போற அன்னைக்குக்கூடவா?"

"பொண்ணு மேல சத்தியமாடா!"

"அவ மேல சத்தியம் பண்ணாத. அவளுக்கு நானும் தகப்பன்தான்."

கண்டக்டர் கதவைத் தட்டி எல்லாரையும் ஏறச் சொன்னான். நிக்கானோர் நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டான். "நில்லு, ஒரு நிமிஷம். தட்டையே எடுத்துட்டு வந்துடறேன். நீயே வச்சுக்கோ. ஓடிப்போய் எடுத்துட்டு..."

"பதினாலு வருஷமா அது என் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான இருந்துச்சு" என்றான் எலிசேயோ. "பஸ் கிளம்பறப்பத்தான் உனக்கு எடுத்துட்டு வரத் தோணுதா?" கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நிக்கானோருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் நிக்கானோர் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். கேட்கக் கேட்கப் பெயர் ஞாபகத்துக்கு வந்துவிடும் என்று நம்பினான். நெரெய்தா வந்து பார்த்தாள், கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தான். அவள்கூட அவனை நம்பச் சற்று நேரம் ஆயிற்று. நம்பிய பிறகு திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

யாருக்காவது தெரிந்திருந்தால் காரகாஸுக்கு எழுதி அனுப்பிவிடலாம், எலிசேயோவும் நம்புவான். அந்த ஒரே நினைப்போடு ஞாயிற்றுக்கிழமை பொலிதோரோவின் வீட்டுக்கே போய் அவனைக் கையோடு அழைத்து வந்தான். முற்றத்தில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நிக்கானோர் பாட்டைப் போட்டான். முடிந்ததும், இதுவரை தன்னைத் தவிர யாரும் தொட்டிராத தட்டை எடுத்துக் கூட்டத்துக்கு நடுவே நீட்டினான்.

"இவ யாருன்னு யாருக்காச்சும் தெரியுமா? எனக்கு மறந்துபோச்சு."

யாரும் அதை நம்பவில்லை. ஒருவன் தொடையில் தட்டிச் சிரித்தான். கைதட்டல் எழுந்தது. "கழுத்துல கத்தி வச்சாலும் சொல்லமாட்டான்யா நம்மாளு!"

தட்டு கைக்குக் கை மாறிக் கடைசியில் பொலிதோரோவிடம் போனது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. வெயிலில் சாய்த்துப் பார்த்தான், மறுபக்கம் திருப்பினான், நடுவட்டத்தைக் கட்டைவிரலால் தடவினான். தொழில் தெரிந்தவன், மரியாதையோடுதான் சொன்னான்:

"சுத்தமான வேலைய்யா. ஒரு எழுத்துகூட மிச்சம் வைக்கல நீ."