எடுக்காத வீடியோ

...வீடியோவைத்தான் கேட்பாள், வேறு எதைக் கேட்கப் போகிறாள், அன்றைக்கே கேட்டிருப்பாள், அழுகையில் விட்டுப்போயிருக்கும், இன்று பதினாறாம் நாள், கொஞ்சம் தெளிந்திருப்பாள், ஞாபகம் வரும். சிவநேசன் டிராபிக் லைட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் காலூன்றினான். பின்னால் லோஷினி, பத்து வயது மகள், அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இவளைக் கூட்டிவரச் சொன்னதே புவனேஸ்வரனின் மனைவி ஜெகதீஸ்வரிதான். "பிள்ளையக் கண்டிப்பா கூட்டிட்டு வாங்கண்ணே, அவரு கடைசியா செஞ்சது அதுக்குத்தானே" என்றாள் போனில். அதுக்குத்தானே... ஆமாம், அதற்குத்தான். ஜுரு தொழிற்சாலையில் அந்தச் சனிக்கிழமைக் காலை ஷிஃப்ட் சிவநேசனுடையது, லோஷினியின் பள்ளியில் விளையாட்டுப் போட்டியும் அன்றுதான், நாலு வருஷமாக அவள் ஓடுகிறாள், நாலு வருஷமாக இவன் மெஷின் முன்னால் நிற்கிறான். கூட வேலை செய்யும் புவனேஸ்வரன்தான் ஷிஃப்ட் தாளை இழுத்து, சிவநேசன் பெயரை அடித்து, மேலே தன் பெயரை எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்தும் வாங்கிவந்தான். "போய்ப் பாருங்கண்ணே. பிள்ளை லாஸ்ட்டா வந்தாலும் பரவால்ல, வீடியோ எடுத்து எனக்கு அனுப்பணும். அனுப்பல, அடுத்த மாசம் என் நைட் ஷிஃப்ட் பூரா உங்களுக்குத்தான் லா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சனிக்கிழமை காலை ஆறேகால், மழை, பாலத்தின் மேல் ஒரு லாரி... புவனேஸ்வரன் வேலைக்குப் போய்ச் சேரவில்லை.

பச்சை விழுந்தது. அந்த ஆறேகாலுக்கு நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? தூங்கினேன். சரி, ஆறேகாலுக்கு யாரும் தூங்கலாம், ஏழரைக்கு? பிரமிளா பிள்ளையைக் காரில் ஏற்றும் முன்னால் வந்து எழுப்பினாள், "நீங்க போங்க, பின்னாலயே மோட்டார்ல வரேன்" என்றான், மனைவியிடம் அப்படிச் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதற்கு அடுத்த ஞாபகம் பத்தரை. எத்தனை மாதம் கழித்து ஒரு சனிக்கிழமைப் படுக்கை, ஐந்தே நிமிடம் என்றுதான் கண்ணை மூடினான்... போன் சைலண்டில் கிடந்தது. பிரமிளாவின் அழைப்பு எட்டு, தொழிற்சாலையிலிருந்து பதினொன்று. இன்றைக்கு லீவுதானே, எதற்குப் பதினொன்று என்று யோசித்துக்கொண்டே திருப்பி அழைத்தான். அன்று சாயங்காலம் பெட்டிக்குப் பக்கத்தில் ஜெகதீஸ்வரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களாச்சும் பிள்ளை ஓடுறதப் பார்த்தீங்களாண்ணே?" பார்த்தேம்மா என்றான். வேறு என்ன சொல்வது, உன் புருஷன் கொடுத்த காலையில் குறட்டை விட்டேன் என்றா? அவள் மடியில் இரண்டு வயது மகள், இன்னும் ஓட்டப்பந்தயம் ஓடும் வயதில்லை.

ஆயர் ஈத்தாமில் ஜெகதீஸ்வரி வீட்டுக்குப் போக இன்னும் ஐந்து நிமிடம். சொல்லிக்கொடுத்துவிடலாமா, ஆன்ட்டி கேட்டால் அப்பா வந்தார் என்று சொல்லு... பெற்ற பிள்ளையிடம் இதைக் கேட்பதா? கேட்காமல் விட்டால் அங்கே எல்லோர் முன்னாலும் உண்மை வரும், ஜெகதீஸ்வரிக்கு மிச்சம் இருக்கும் ஒரு ஆறுதலும் போகும், அதற்காகத்தான் பயப்படுகிறாயா, இல்லை உனக்காகவா? "லோஷினி" என்றான். "என்னப்பா?" "ஒண்ணுமில்ல... கெட்டியாப் பிடிச்சுக்க." பிடித்துத்தான் இருந்தாள்.

படையல் முடிந்து இலை போட்டிருந்தார்கள். ஜெகதீஸ்வரி தானே வந்து லோஷினிக்கு வடை வைத்தாள், மெலிந்திருந்தாள், குரல் மட்டும் பழையபடி இருந்தது. "எத்தனாவது வந்தே?" "மூணாவது ஆன்ட்டி." "கெட்டிக்காரி." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த வீடியோ இருந்தா காட்டுங்க. அவரு போன்ல தேடிட்டேன், காணோம்." தேடியிருக்கிறாள்... செத்தவன் போனை வைத்துக்கொண்டு என் பிள்ளையைத் தேடியிருக்கிறாள். இப்போது சொல்லிவிடு, இனிமேல் சொல்ல முடியாது, சொல்லு... "அப்பா கை தட்டிக்கிட்டே இருந்தாங்க ஆன்ட்டி" என்றாள் லோஷினி, வடையைப் பிய்த்தபடி, "அதான் எடுக்கல."

ஜெகதீஸ்வரி லேசாகச் சிரித்தாள். "ஆமா, உங்கப்பாவுக்குக் கை தட்டத்தான் தெரியும். எங்க நின்னு தட்டுனாரு?" "கோல் கம்பத்துக்கிட்ட, பெரிய மரத்து நிழல்ல. நான் அங்கயே பார்த்துக்கிட்டுத்தான் ஓடுனேன்."

யோசிக்கவில்லை, அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கேட்டதும் சொன்னாள். பொய் சொல்ல எப்போது கற்றுக்கொண்டாள், யார் யாரிடம் சொல்லியிருக்கிறாள், டீச்சரிடமா, கூட்டாளிகளிடமா... இல்லை, எல்லாமே பொய் இல்லையே. கை தட்டியது பொய், அவன் நின்றது பொய். அங்கேயே பார்த்துக்கொண்டு ஓடினேன் என்றாளே, அது? அப்பா வந்து நிற்பார் என்று பார்த்திருக்கிறாள். லோஷினி ரசத்துக்கு இலையில் குழி செய்துகொண்டிருந்தாள். மூன்றாவதாக வந்தாள் என்று பிரமிளா சொன்னபோது பரவாயில்லையே என்றுதான் நினைத்தான்... தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஓடுகிற பிள்ளை வேறு எத்தனாவதாக வரும்.