ஏலக்காய் மணக்கும் மட்டை

1

இந்தக் கதை ஒரு வாசனையிலிருந்து தொடங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இதை எங்கே பிடித்தாய் என்று யாரும் கேட்க வேண்டாம். போடியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் சிலர் டேபிள் டென்னிஸ் ஆடுவோம். அங்கே அனுசியா தன் மட்டையை என்னிடம் நீட்டி, "அண்ணே, இதுக்கு ரப்பர் மாத்தித் தர்றீங்களா?" என்றாள். வாங்கினேன். கைப்பிடியில் ஏலக்காய் மணந்தது.

"என்னம்மா, பாயசத்துக்குள்ள போட்டு எடுத்தியா?"

"ஸ்டோருக்குள்ள கெடந்துச்சுண்ணே. அது ஒரு கதை."

அதற்குள் அவள் முறை வந்துவிட்டது, ஆடப் போய்விட்டாள். என்னைப் போன்ற ஒருவனிடம் 'கதை' என்று சொல்லிவிட்டுப் பந்தடிக்கப் போவது பாவம். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

2

முதல் தொடக்கம்: "குரங்கணிக்கு மேலே மழை பிடித்துக்கொண்டால்..." வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நானே ஏகத்துக்கு எழுதியாயிற்று.

இரண்டாவது: "மரத்துக்கும் வலிக்கும் என்பது அனுசியாவுக்கு அன்றுதான்..." மரத்துக்கு வலிக்காது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது, அலங்காரம் இல்லாமல்: டேபிள் டென்னிஸ் மட்டை என்பது மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த ஒரு கட்டை. இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டியிருக்கும். ரப்பர் தேய்ந்தால் உரித்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டும். உரிக்கும்போது பசை சும்மா வராது, மரநாரையும் பிடுங்கிக்கொண்டு வரும். கட்டை சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான், ஒட்டுவதற்கு முன் வார்னிஷைத் துணியில் தொட்டு ஒரு பூச்சு கொடுப்பார்கள். பூசினோமா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிசாக. கூடிப்போனால் கட்டை இறுகிப் பந்து கண்ட பக்கம் பறக்கும். பூசியது நன்றாகக் காயவும் வேண்டும்.

இந்தக் கதையின் எல்லாக் கேடும் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது.

3

அந்தக் கதை நடந்தது முன்பொரு நாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. அதற்கான தேர்வுப் போட்டி மறுநாள் காலை மதுரையில். அனுசியாவுக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் இனி இல்லை.

அவள் புருஷன் யோகராஜ் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்ப்பவன். ஸ்டோர் என்றால் கடை இல்லை, காய் காயவைக்கும் அறை. பச்சைக் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, கதவைச் சாத்தி, வெளியே அடுப்பில் விறகெரித்து உள்ளே சூடு ஏற்றுவார்கள். சாத்திய கதவைக் காய் காய்ந்து முடியும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் காயின் பச்சை வெளுத்துவிடும், வெளுத்த காயை வியாபாரி ஏறெடுத்தும் பார்க்க மாட்டான் என்பது அங்கே சட்டம்.

(வேறொரு ஸ்டோர்காரரிடம் விசாரித்தேன். "ஒரு நிமிசம் தெறந்தா ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றார். "அப்ப தெறப்பீங்களா?" என்றேன். "தெறக்க மாட்டோம்" என்றார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது?)

பொண்டாட்டியின் ஆட்டத்தில் அவளைவிட யோகராஜுக்கு நம்பிக்கை அதிகம். அன்று காலை பழைய ரப்பரை உரித்தபோது கைப்பிடிப் பக்கம் லேசாகச் சிலாம்பு பெயர்ந்து அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தவன், தானே வார்னிஷ் பூசிக் காயவைத்துத் தருவதாகக் கட்டையை வேலைக்கு எடுத்துப்போனான். வெளியே மழை. மலையில் மழை பெய்தால் துண்டே காயாது, வார்னிஷ் எங்கே காயும்? முந்தின காயை எடுத்த சூடு ஸ்டோரில் இன்னும் இருந்தது. வெரசாகக் காயட்டும் என்று மேல்தட்டில் வைத்தான். அந்த நேரம் பார்த்து, மேலே சின்னதாக ஓர் ஏலக்காடு வைத்திருக்கும் மொக்கம்மாளக்கா தன் காயைச் சாக்குகளில் கொண்டுவந்து இறக்கினார். அவர்கூட வந்த ஆட்கள், ஊர்ப் பேச்சு, அவசரம். காயைப் பரப்பினான், கதவைச் சாத்தினான், அடுப்பை மூட்டினான், விறகு லோடு ஏற்றப் போய்விட்டான். கட்டை உள்ளே.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. ஆனால் இவன் பிடித்தது பிள்ளையாரைத்தான் என்பதை எழுதாவிட்டால் நான் மனிதனில்லை.

4

சாயந்தரம், புது ரப்பரும் பசையும் கையுமாக அனுசியா ஸ்டோருக்கு வருகிறாள். கீழே இறங்கும் கடைசி ஜீப்பு வாசலில் நிற்கிறது. யோகராஜுக்குப் போன் போடுகிறாள்.

"என்னங்க, கட்டைய எங்க வச்சீங்க?"

"மேல்தட்டுலதான் வச்சேன்... ஐயையோ."

"என்ன ஐயையோ?"

"அனு, கதவத் தெறந்துறாத! அக்கா காயி உள்ள இருக்கு."

"அப்ப நாளைக்கு நான் என்னத்தத் தூக்கிட்டுப் போறது? வெறகுக் கட்டையவா?"

சிக்னல் போய்விடுகிறது. (நான் அறுக்கவில்லை. அந்தப் பக்கம் அப்படித்தான்.)

விடியவிடிய அந்தச் சூட்டில் கிடந்தால் அந்த மெல்லிசு மரம் வறண்டு வெடிக்கும். இப்போதே எடுத்தால் பிழைக்கும். வீட்டுப் பரணில் ஒரு பழைய மட்டை உண்டு, ரப்பர் வழுக்கையாகிப் போனது. மொக்கம்மாளக்கா அடுப்போரம் சாக்கின்மேல் அயர்ந்து தூங்குகிறார். ஜீப்பு ஓட்டும் பால்ராஜ் ஹாரன் அடிக்கிறார்.

"ஏத்தா, வர்றியா இல்லியா? எனக்குச் சோலி கெடக்கு!"

அனுசியா தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். மரக்கதவு சூடாக இருக்கிறது. அவள்...

5

இல்லை, மொக்கம்மாளக்காவை இன்னும் சரியாக எழுதவில்லை.

முதல் வரைவில் அவர் கண்விழித்து, "தெற ஆத்தா, காயி அடுத்த எடுப்புல வரும், ஒனக்கு வயசு வருமா?" என்றார். எனக்கே கண் கலங்கிவிட்டது. மறுநாள் படித்துப் பார்த்தேன். கேப்பையில் நெய் வடியுது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு? கிழித்துப்போட்டேன். இரண்டாவது வரைவில் கதவுக்குக் குறுக்கே நின்று, "வருசம் பூராம் நான் நம்பியிருக்கிறது இந்தக் காயிதான்" என்று கத்தினார். அதில் நியாயம் இருந்தது, ஆனால் வில்லியைப் போலத் தெரிந்தார். பொறுக்காமல் போடியில் அவரையே தேடிப்போய்க் கேட்டேன்.

"நான் தூங்கிட்டேன்ப்பா" என்றார்.

அவ்வளவுதான். அவரை யாரும் எதுவும் கேட்கவே இல்லை.

"காயி எப்படி வந்துச்சுக்கா?"

"அந்தத் தடவ வெளுத்துப்போச்சு. மழையில நான்தான் பறிக்கப் பிந்திட்டேன். எம்மேலதான் தப்பு. அந்த வருசமே எந்திரிக்க முடியல."

அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்ட விதத்தில் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

6

அனுசியாவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. கடைசிச் சுற்றில் தோற்றாள். இப்போது போடியில் ஒரு கூரியர் ஆபீசில் இருக்கிறாள். எந்த மட்டையால் ஆடினாய் என்று கேட்டேன்.

"அதுக்குப் பதிலு ஒங்க கையிலதான இருக்குண்ணே. உரிச்சுப் பாருங்க."

யோகராஜைக் கேட்டேன். "மறுநா காயி எடுக்கையில மட்டை உள்ளதான் கெடந்துச்சுண்ணே, நாந்தான் எடுத்தேன்" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். பொண்டாட்டிக்காக எந்தப் புருஷனும் அப்படித்தான் சொல்வான். உண்மையாகவே கிடந்திருந்தாலும் அப்படித்தான் சொல்வான்.

(வாசனையை வைத்துத் துப்புத் துலக்கலாம் என்று பார்த்தேன். யோகராஜின் சட்டை, ஜீப்பு, ரூபாய் நோட்டு, எல்லாமே ஏலக்காய்தான் மணக்கின்றன.)

7

ஆக, முடிவு என் மேஜைமேல் கிடக்கிறது. கட்டை ஸ்டோரிலிருந்து வெளியே வந்தபின் ஒட்டிய ரப்பரை இதுவரை யாரும் உரிக்கவில்லை.

ரப்பர் சுத்தமாக உரிந்து வந்தால், கட்டை சூட்டில் வறளவில்லை, யோகராஜின் பூச்சு பிடித்திருக்கிறது. அதாவது அனுசியா கதவைத் திறந்தாள். மொக்கம்மாளக்கா செய்யாத தப்பை இத்தனை நாளும் சுமந்திருக்கலாம். சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்தால், கட்டை விடியும்வரை உள்ளேயே கிடந்து வெடித்திருக்கிறது. தூங்கும் ஒருத்தியின் காய்க்காகத் தனக்குக் கிடைக்கக்கூடிய வேலையை விட்டுக்கொடுத்துவிட்டு, வழுக்கை ரப்பரோடு மதுரைக்குப் போயிருக்கிறாள். அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டில் எது வந்தாலும் எனக்குத் தாங்காது. ரப்பர் மாற்றத் தெரியாதவளா அவள்? தனக்குத் தெரிந்ததை இன்னொருவரும் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் கொடுத்திருக்கிறாள். எனக்கு அவளைப் பிடிக்கும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

கீழ் மூலையில் நகத்தை விட்டு நுனியை மட்டும் தூக்கி வைத்திருக்கிறேன். இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. இந்தாருங்கள், பிடியுங்கள். குறுக்கு வாட்டில், மெல்ல இழுக்க வேண்டும். அதற்கு முன், நாளை மொக்கம்மாளக்காவை வழியில் பார்த்தால் என்ன சொல்வீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

செய்துவிட்டீர்களா? இழுங்கள்.