சாமிதுரைக்குச் சுணை கொட்டியது

ஏற்றக்குடி முழுக்கச் சரிவில் இருக்கும் ஊர் என்பதால் அங்கே எல்லோருக்கும் உடம்பில் சொரசொரவென்று சுணை உண்டு. குழந்தைகளுக்கு வெண்டைக்காய் அளவுக்கு, கல்யாண வயதில் பாகற்காய், பேரன் பேத்தி எடுத்துவிட்டால் பலாக்காய். தரையோடும் நாற்காலியோடும் அவர்களைப் பிடித்து வைத்திருந்தது அதுதான். சுணை போனவர்கள் சறுக்கிக்கொண்டு அடிவாரத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்தவர் யாருமில்லை. ஏறிவரப் பிடிமானம் வேண்டுமே.

ஐப்பசியில் டவுன் பஸ் கண்டக்டர் சாமிதுரைக்குச் சுணை கொட்டத் தொடங்கியது. அவர் மனைவி வேதவல்லி காலையில் பாயை உதறி இரண்டு முறம் அள்ளிக் கொட்டினாள். கார்த்திகை பிறப்பதற்குள் மனிதர் உரித்த முட்டை மாதிரி ஆகிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால், சாம்பார் ஊற்றுவதற்குள் வாசல்வரை போய்விடுவார். அவளும் கரண்டியோடு பின்னாலேயே போவாள்.

முப்பது வருஷமாக அவரோடு மல்லுக்கட்டிய வீட்டில் தனியாக இருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பயமாக இருந்தது.

எதிர்வீட்டுத் தச்சர் அல்போன்ஸ் வந்து, சாமிதுரையின் முதுகில் வஜ்ரப் பசை தடவி, அறுபதாம் நம்பர் உப்புத்தாளை ஒட்டினார்.

"தண்ணி படாம பாத்துக்குங்க அக்கா."

சாமிதுரையோ குளிக்காமல் காபியைத் தொடாதவர். தாள் மறுநாளே ஊறி உரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். தூங்கும்போதும் விடவில்லை.

ஒன்பதாம் நாள் சொன்னார். "கை ரொம்ப வலிக்குது வேதா."

வேதவல்லி எதிர்வீட்டுக்குப் போனாள்.

"தம்பி, உங்க இழைப்புளி கூரா இருக்கா?"

"எந்தப் பலகைக்குக்கா?"

"எனக்குத்தான்."

அல்போன்ஸ் தீட்டிக் கொடுத்தார். அல்போன்ஸின் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு வேதவல்லியை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை இழைத்தாள். சுருள் சுருளாக விழுந்தது. எரிச்சலில் உயிர் போயிற்று. வேதவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு புருஷன் பெண்டாட்டி இருவருமாக அவளைத் தூக்கிவந்து சாமிதுரை பக்கத்தில் விட்டார்கள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் இப்படிப் பண்ணின?"

"அங்க உங்களுக்கு யாரு சோறு போடுவா?"

அவருக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. அவள் தன் முந்தானையை அவர் வேட்டியோடு முடிந்தாள். இது இரண்டாவது தடவை என்பதால் முடிச்சு சீக்கிரம் விழுந்தது.

"இப்ப விடுங்க," என்றாள்.

விட்டார். நிம்மதியாக இருந்தது. இருவரும் தெருவைக் கடந்து, கோயிலைச் சுற்றி, பஸ் ஸ்டாண்டு வழியாக இறங்கினார்கள். டிரைவர் மரியாதைக்கு ஹாரன் அடித்தார்.

"வீட்டைப் பூட்டினியா?" என்று கேட்டார் சாமிதுரை.

"இல்ல. பின்னாடிதான் வருது."

திரும்பிப் பார்த்தார். நாலு கடை தள்ளி வீடு சறுக்கி வந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் மெதுவா வரச் சொல்லுங்க," என்றாள் வேதவல்லி. "அடுப்புல பால் வெச்சிருக்கேன்."