பொம்மையின் நெஞ்சில் கிரீஸ்

பீரோவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள் முதலுதவி டீச்சர். இரண்டு பேர் படுத்திருக்க வேண்டிய தட்டில் ஒருத்தர்தான் கிடந்தார்.

"மாமாவைக் காணோம்!"

முன் அறையில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் திரும்பக்கூட இல்லை. "எங்க அண்ணனையும்தான் காணோம் அண்ணி. ரெண்டு பேரும் சேர்ந்து ஓடிட்டாங்களோ என்னவோ."

"சிரிக்கிற நேரமா இது? ஒன்பதரைக்கு பன்னண்டு பேர் வந்து நிப்பாங்க."

மாமா என்பது நெஞ்சை அழுத்திப் பழகும் ரப்பர் பொம்மை. இடுப்புக்குக் கீழே கிடையாது. சரியான ஆழத்துக்கு அழுத்தினால் உள்ளேயிருந்து 'டிக்' என்று சத்தம் வரும். மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை, இரண்டு பொம்மை, அவள், கணவன், நாத்தனார். பயிற்சி மையம் அவ்வளவுதான்.

மாமா வெளியே போய்வருவது இது மூன்றாவது சனிக்கிழமை. முதல் வாரம் ஸ்பிரிங் தொய்ந்திருந்தது. போன வாரம் நெஞ்சில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. மோந்து பார்த்தாள். கிரீஸ்! "சைக்கிள் செயின் மாட்டினேன், கை பட்டிருக்கும்" என்றான் கணவன். அவன் சைக்கிளோ ஆறு மாதமாகப் படிக்கட்டுக்கு அடியில் காற்றிறங்கிக் கிடக்கிறது.

நேற்றுத்தான் பஸ் பணிமனை மேனேஜர் போன் செய்து, ஆட்களை இங்கே மாடிக்கு அனுப்புவதாகப் பேசி வைத்திருந்த பயிற்சி வேண்டாம் என்றார். "எங்க ஆளுங்களுக்கு வேற ஒருத்தர் சொல்லித் தராரும்மா." யாரென்று கேட்டால் மென்று விழுங்கினார்.

கிரீஸையும் பணிமனையையும் முடிச்சுப் போட மூளை அதிகம் தேவையில்லை. தாலி கட்டினவனே எதிர்க்கடை போட்டுவிட்டான்.

இன்னொன்றும் இப்போது உறுத்தியது. ஒவ்வொரு வகுப்பையும் அவள் அப்பாவின் கதையோடுதான் ஆரம்பிப்பாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். சுற்றி நின்றது நாற்பது பேர். ஒருத்தர்கூடக் கை வைக்கவில்லை. அந்த இடம் வந்ததும் கணவன் தண்ணீர் கொண்டுவர எழுந்து போய்விடுவான். அவளுடைய முதல் வகுப்பின் முதல் மாணவன் அவன். கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கும் என்று விட்டிருந்தாள். சலித்தவனா, கள்ளனா?

கதையில் ஒன்றை மட்டும் அவள் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் அப்பாவை ஒற்றைச் செருப்போடுதான் ஒப்படைத்தார்கள். அதைச் சொன்னால் குரல் உடைந்துவிடும்.

"இருக்கிற பொம்மையை வச்சுச் சமாளி. வந்துடறேன்."

"ஐயோ அண்ணி, முப்பது அழுத்தறதுக்குள்ள எனக்கு எண்ணிக்கை மறந்துடுமே!"

"நீ அழுத்து. அவங்க எண்ணட்டும்."

ஸ்கூட்டரை விரட்டினாள். பணிமனை அந்த பஸ் ஸ்டாண்டுக்குள்தான் இருந்தது. அப்பா போன பிறகு அவள் கால் வைக்காத இடம். போன மாதம்கூட, "அங்க இலவசமா ஒரு வகுப்பு எடுக்கலாமா?" என்று கணவன் மெதுவாக ஆரம்பித்தான். "வேடிக்கை பார்த்த கூட்டத்துக்கு ஓசியில பாடம் வேறயா?" என்று வெட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவன் வாயே திறக்கவில்லை. திறக்காமலே வேலையைக் காட்டிவிட்டான்!

கேட்டில் வாட்ச்மேன் வழிகாட்டினார். "சார் கிளாஸாம்மா? மூணாவது பிளாட்பாரம். ஃபீஸ் கொடுத்தா மட்டும் சண்டைக்கு வருவாரு, ஜாக்கிரதை."

ஃபீஸ் கிடையாதாம். முதலில் சும்மா கொடுத்து ஆளைப் பிடி, அப்புறம் கடையைத் திற. எல்லாம் தெரிந்த வித்தைதான்.

மூன்றாவது பிளாட்பாரத்தில் டிரைவர்களும் கண்டக்டர்களும் மெக்கானிக்குகளும் வட்டம் கட்டி நின்றார்கள். நடுவில் மாமா மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் மண்டியிட்டிருந்த கணவன் பேசிக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தார். சுத்தி நாப்பது பேர்."

அடப்பாவி, கதையையும் திருடிவிட்டானா! தோள்களை விலக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தாள். கத்துவதற்கு வாயைத் திறந்தேவிட்டாள்.

அதற்குள் ஒரு கண்டக்டர் முந்திக்கொண்டார். "நாப்பது பேர்னு டிக்கெட் கிழிச்சு எண்ணினீங்களா சார்? கூடவே நின்ன மாதிரி சொல்றீங்க!"

கூட்டம் சிரித்தது. கணவன் சிரிக்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நின்னேன்" என்றான்.

சிரிப்பு நின்றது. அவள் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"அவர் மகள்கிட்ட இன்னும் சொல்லல. சொல்ற தைரியம் இல்ல. விழுந்தப்போ அவர் செருப்பு ஒண்ணு கழண்டு என் காலடிக்கு வந்துச்சு. குனிஞ்சு எடுத்தேன். எடுத்த கையை அவர் நெஞ்சுல வைக்கணும்னு தெரியல. அப்போ என் பஸ் வந்துச்சு. செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டே ஏறிப் போயிட்டேன்."