கோவம் ஒண்ணுதான்

"பேனாவைக் கீழ வச்சிட்டு முகத்தைக் கழுவு. மாமா வந்துட்டாரு," என்றாள் அம்மா.

சின்னவள் பேனாவை வைக்கவில்லை. நாளைக்குக் கல்லூரியில் கட்டுரை கொடுக்க வேண்டும். தலைப்பு: கதாநாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமான குறை. நாவல் ஒரு கப்பல் தலைவனைப் பற்றியது. பெரிய மனிதன், வாரி வழங்குகிறவன். கோபத்தில் மனைவியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். அவள் பனியில் விறைத்துச் சாகிறாள். இதெல்லாம் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் புத்தகம் முழுக்க அவன் வருந்துகிறான்.

மாமா அக்காவின் கணவர். கடைத்தெருவில் மருந்துக்கடை. யாருக்கு வயிற்று வலி என்றாலும் அவரிடம்தான் ஓடுவார்கள். போன வருடம் அக்காவுக்கு வயிற்று வலி வந்தபோது, "நடிக்கிறா" என்று சொல்லி, வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்று காலை அவள் எதிர்த்துப் பேசியிருந்தாள். அக்கா அம்மாவுக்குப் போன் செய்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ. அவர் கோவம் அடங்கட்டும்," என்றாள் அம்மா. அதன்பிறகு அக்கா யாரையும் கூப்பிடவில்லை. மாலையில் அவர் பூட்டைத் திறந்தபோது, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் பெருகி, எல்லாம் முடிந்திருந்தது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒன்றையே சொன்னார்கள். "தங்கமான மனுஷன். கோவம் ஒண்ணுதான்." அப்பாவும் அதையே சொன்னார். நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் வேலை.

அக்காவின் பிள்ளைக்குத் தாய் வேண்டும், வெளியிலிருந்து வருகிறவள் பார்ப்பாளா என்று அடுத்த பேச்சு வந்தது. சின்னவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. தகவல் சொன்னார்கள். இன்றைக்கு மாமா தேதி குறிக்க வந்திருக்கிறார்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாளை எட்டிப் பார்த்தார். "என்ன எழுதறே?"

கதையைச் சொன்னாள். கவனமாகக் கேட்டார்.

"பாவம்," என்றார்.

"யாரு மாமா?"

"அந்த ஆளுதான். எவ்வளவு பெரிய மனுஷன். ஒரு நிமிஷக் கோவத்துல வாழ்க்கையே போச்சு. மொதல்ல அவன் நல்ல குணத்தையெல்லாம் எழுது. அப்புறம் கோவத்தை எழுது. முடிக்கிறப்போ படிக்கிறவங்க அவனுக்காக அழணும்."

கல்லூரியில் கொடுத்த குறிப்பும் ஏறக்குறைய அதுதான்.

"மாப்பிள்ளை விஷயம் தெரிஞ்சவரு. அவர் சொல்றபடி எழுது," என்றார் அப்பா.

சின்னவள் எழுதினாள். அப்பாவும் மாமாவும் நாள்காட்டியைப் புரட்டினார்கள். அம்மா தேநீர் கொண்டுவந்தாள்.

"எங்கே, படி பார்ப்போம்," என்றார் மாமா.

சின்னவள் படித்தாள்.

"'அவன் விழவில்லை. விழுந்தவள் அவள். எவ்வளவு நேரம் கதவைத் தட்டினாள் என்று யாரும் எழுதவில்லை. ஊர் அவனைத் தங்கமானவன் என்கிறது. காரியம் முடிந்ததும் அவன் கடையைத் திறந்தான். இப்போது அவளுடைய தங்கையைக் கேட்கிறான்.'"

மாமா சிரித்தார். "கதையில கடை எங்கேம்மா வந்துச்சு? கப்பல்காரன்னுல்ல சொன்னே."

"கதையில இல்ல மாமா."

நாள்காட்டி புரள்வது நின்றது. அப்பா, "ஏய்," என்று எழுந்தார். அம்மா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். தேநீர் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"தட்டினா," என்றாள் அம்மா. "போன்ல எனக்குக் கேட்டுச்சு. கதவைத் தட்டிக்கிட்டேதான் பேசினா. நான்தான் பொறுத்துக்கோன்னேன்."

"பிள்ளையை யார் பார்க்கிறது?" என்றார் மாமா.

"பேத்தியைக் கொண்டுவந்து விடுங்க, வளர்க்கிறேன். பொண்ணு கிடையாது. இந்தத் தடவை நான் யாரையும் பொறுத்துக்கச் சொல்ல மாட்டேன். கிளம்புங்க."

அவர் கிளம்பினார். அப்பா பல நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. குழந்தை வந்து சேர்ந்தது. கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வந்தது: 'நாயகன்மீது இரக்கம் போதவில்லை.' தேறுகிற அளவுக்குக்கூட மதிப்பெண் இல்லை.

சில மாதம் கழித்து, முன்பின் தெரியாத கணவனும் மனைவியும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எங்க பொண்ணுக்கு மருந்துக்கடைக்காரரைப் பேசியிருக்கோம். உங்க வீட்டு மாப்பிள்ளையா இருந்தவராச்சே. ஆள் எப்படின்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

அப்பா தரையைப் பார்த்தார்.

"தங்கமானவர்," என்றார். "கோவம் ஒண்ணு..."

"சின்னவளே," என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அந்தக் கட்டுரையை எடுத்துட்டு வந்து, இவங்களுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டு."