நூற்றுக்கு நூறு திருப்தி

தையல் மெஷினின் பெடலை டெய்லரக்கா எப்போதும் பாதிதான் மிதிப்பாள். முழுசாக மிதித்தால் மோட்டார் கரண்டை இழுத்துக்கொள்ளும். உடனே கட்டிலோரத்தில் இருக்கிற ஆக்சிஜன் மெஷின் கீச்கீச்சென்று கத்தும். இரண்டுக்கும் ஒரே ஒயர். முன்வீட்டு மீட்டரிலிருந்து கூரை இடுக்கு வழியாகக் கள்ளத்தனமாக வந்து, பின்பக்கத்து நான்கு அறைகளுக்கும் பிரிந்துபோகிற ஒயர் அது. ஆகவே பள்ளிக்கூடப் பைக்கு வார் தைக்கிற அவசர வேலையையும் அவள் ஆமை வேகத்தில்தான் செய்தாள். பை முதலாளி அதற்கு வாய்க்கு வந்தபடி ஏசுவான். ஏசிவிட்டுப் போகட்டும்.

கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த அவள் புருஷனுக்கு பீரங்கி என்று பட்டப்பேர். கல் அறுக்கிற பட்டறையில் அவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தால், அத்தனை இரைச்சலையும் மீறி வாசலில் நிற்கிற லாரி டிரைவர் திரும்பிப் பார்ப்பார். அந்த வருஷங்களில் மூக்கில் போன தூசியெல்லாம் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. இப்போது மூக்கில் ட்யூப் இருந்தும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாது. ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்த அந்த மெஷின் ஓடுகிறவரைதான் அவர்.

அன்று காலை தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றபோதே பேச்சு கிளம்பிவிட்டது. யாரோ ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு வீடு வீடாக வந்து கரண்டைப் பற்றி விசாரிக்கிறாளாம். கள்ள ஒயரைப் பிடிக்கத்தான் வருகிறாள் என்றார்கள். முன்வீட்டில் இருக்கிற ஓனரம்மா பின்பக்கத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

"யார் கேட்டாலும் கரண்ட் ஜோரா இருக்குன்னு சொல்லுங்க. வாயை விட்டீங்கன்னா ஒயரைப் பிடுங்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

டேப்லெட் பெண் வெயில் ஏறியபிறகு வந்தாள். சின்னப் பெண், நடந்து நடந்து முகமெல்லாம் கறுத்திருந்தது. டெய்லரக்கா தண்ணீர் கொடுத்தாள்.

"கரண்ட் பத்தி ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேக்குறோம்க்கா. பல நாட்டுலயும் இதே கேள்விதான் கேக்குறாங்க. உங்க வீட்டுல அடிக்கடி கரண்ட் போகுதா?"

"அது எங்கம்மா போகும்? அதுபாட்டுக்கு இருக்கு."

"வோல்டேஜ் கம்மியாகுதா?"

டெய்லரக்கா பெடலிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள். "சேச்சே. ராஜா மாதிரி வருது."

"இனிமே வரப்போற வருஷங்கள்ல கரண்ட் கிடைக்காமப் போயிருமோன்னு கவலை இருக்கா?"

டெய்லரக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ்வளவு தூரத்துக்கெல்லாம் கவலைப்பட எங்களுக்கு எங்கம்மா நேரம்?"

கட்டிலில் பீரங்கி கையைத் தூக்கி ஆட்டினார். "பொய்..." என்று ஆரம்பித்தார். மூச்சு போதவில்லை. "எல்லாம்... பொய்..."

"என்னக்கா சொல்றாரு?"

"நான் சொல்றதுல பொய்யில்லன்னு சொல்றாரு."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், மூக்கிலிருந்த ட்யூபைப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் கேட்காமல் விரலால் திரையைத் தள்ளினாள். போகும்போது, "உங்க தெருவுல எல்லாருமே இப்படித்தான் சொன்னாங்க. சந்தோஷம்க்கா" என்றாள்.

அவள் போனபிறகும் பீரங்கி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்குறதுக்குன்னு... ஒருத்தி வந்தா..." என்றார் கடைசியில்.

"ஆமா, கேட்டுக் கிழிச்சா. இருக்குற ஒயரும் போச்சுன்னா உங்களை எங்க கொண்டுபோய்ச் சொருகறது?"

கோடை முற்றியதும் கரண்ட் மதியத்தில் போக ஆரம்பித்தது. போனால் சாயங்காலம்தான் வரும். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த சின்ன சிலிண்டர் நாலைந்து நாளில் தீர்ந்தது. அப்புறம் அவள் அட்டையால் விசிறினாள், முதுகை நீவினாள். அவர் உதடு நீலம் பாரித்தபோது பயந்து போய் அடுத்த அறைக் கதவைத் தட்டினாள். அங்கேயும் கரண்ட் இல்லை, அங்கே போய் என்ன ஆகப்போகிறது? பெரிய ரோட்டுக் கடைகளில் மட்டும் பகலிலும் விளக்கு எரிந்தது.

மின்சார ஆபீசில் இன்ஜினியர் அவளை உட்காரச் சொன்னார். நல்ல மனுஷர்தான்.

"எங்கயாவது நிறுத்தித்தான் ஆகணும்மா. இருக்கறது பத்தலை. சண்டைக்கு வர்ற தெருவுல நிறுத்த முடியுமா? சர்வேயில உங்க தெரு நூத்துக்கு நூறு திருப்தின்னு வந்திருக்கு. இப்படி ஒரு தெருவை நான் பார்த்ததே இல்லை."

"நாங்க பொய் சொன்னோம் சார்."

"ஏன்?"

"அதை விடுங்க சார். எங்க வீட்டுக்காரருக்கு மெஷின் ஓடுனாத்தான் மூச்சு."

"சரி, உடம்புக்கு முடியாதவங்க வீடுன்னா நிறுத்தாம இருக்க வழி இருக்கு. மீட்டர் யார் பேர்ல இருக்கு?"

ஓனரம்மா பேரைச் சொன்னால் ஒயர் வெளியே வரும். ஒயர் போனால் ராத்திரி மூச்சும் போகும். தலையிலடித்துக்கொண்டு எழுந்து வந்தவள், புகார் சொல்ல வருகிறவர்கள் உட்காருகிற ஹாலில் நின்றாள். பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட்.

மறுநாள் மதியம், பக்கத்து அறைக் காய்கறிக்காரரின் தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கி, அதில் பீரங்கியையும் மெஷினையும் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். வாட்ச்மேன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மெஷின் முழு வோல்டேஜில் ஓடியது. பீரங்கி பெஞ்சில் சாய்ந்து, "ஏசி நல்லாருக்குடி. நம்ம வீட்டைக் காலி பண்ணிரலாமா?" என்றார். எத்தனையோ நாளைக்கப்புறம் வந்த கேலி. தினமும் வந்தார்கள். வார்த் துணிகளையும் கொண்டுவந்து அங்கேயே உட்கார்ந்து கையால் ஓரம் அடித்தாள்.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு மதியம் வந்து பார்த்தால் பிளக் இருந்த இடத்தில் இரும்புத் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருந்தது.

"மேலதிகாரி பார்த்துட்டாரும்மா. ஆபீஸ் கரண்டை வெளியாளுங்க எடுத்தா திருட்டாம்" என்றார் வாட்ச்மேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஐயாவை வெளியில கூட்டிட்டுப் போயிரு. உள்ள இருந்தா என் வேலைக்கு உலை."

"சாயங்காலம் வரைக்கும் நான் என்னண்ணே பண்றது?"

வாட்ச்மேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

வெளியே வெயில் கொளுத்தியது. தெருவுக்குத் திரும்பினாலும் அங்கே கரண்ட் இல்லை. ஆபீஸின் பக்கவாட்டுச் சுவரோரம் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு நிழல் கிடந்தது. வண்டியை அதில் ஒட்டி நிறுத்தினாள். சுவரில், ஏசியின் வெளிப்பெட்டிகள் வரிசையாக மாட்டியிருந்தன. உள்ளேயிருக்கிற சூட்டையெல்லாம் வாங்கி அவை வெளியே ஊதிக்கொண்டிருந்தன. பீரங்கியின் நரைத்த முடி அந்த அனல் காற்றில் பறந்தது. மடியில் ஓடாத மெஷினைக் கட்டிக்கொண்டு, அவர் முகத்தை மெல்ல அந்தப் பெட்டியின் பக்கம் திருப்பி, அதிலாவது கொஞ்சம் மூச்சு கிடைக்குமா என்று வாயைத் திறந்தார்.